எஸ்ஓபி-யில கீரிப்பாறைக்கு இடம் இல்லையா?

ஏழாவது செமஸ்டர் தொடங்கி ஒரு மாசம் ஆனா போதும், நம்ம ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்கள்ல ஒரு வேர்ட் ஃபைல் சுத்த ஆரம்பிச்சிடும். ஃபைல் பேரு "எஸ்ஓபி ஃபைனல் ஃபைனல் 2". எப்பவோ ஒரு சீனியர் யாருக்காகவோ எழுதினது. அதுல பேரு, காலேஜ், யுனிவர்சிட்டி மூணையும் மாத்தினா நம்ம ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ் ரெடி. முதல் வரி எல்லாருக்கும் ஒண்ணுதான்: சின்ன வயசுல பொம்மைக் காரைக் கழட்டிப் பார்த்தேன், அன்னைக்கே இன்ஜினியர் ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன். எங்க கிளாஸ்ல 60 பேர். 60 பேரும் பொம்மைக் காரைக் கழட்டியிருந்தா இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு பொம்மை கூட முழுசா மிஞ்சியிருக்காது.

சிரிக்கலாம். ஆனா இந்த ஃபைலை நம்பி வருஷா வருஷம் லட்சக்கணக்குல பணம் கட்டுறாங்க, நம்ம வீட்டுல உள்ளவங்க. அதனால இதைக் கொஞ்சம் சீரியஸா பேசணும்னு தோணுது.

என் கருத்து இதுதான். வெளிநாட்டு மேற்படிப்பு அப்ளிகேஷன்ல நம்ம மாதிரி ஊர்ப் பிள்ளைகள் அடிபடுறதுக்கு இங்கிலீஷோ சிஜிபிஏ-வோ முதல் காரணம் இல்ல. வேற யார்கிட்டயும் இல்லாத சரக்கு நம்மகிட்ட இருக்கு. அதைத்தான் நாம முதல்ல அழிச்சிடுறோம். "ஊர்க்கதை எல்லாம் வேண்டாம் தம்பி, ப்ரொஃபஷனலா இருக்கணும்"னு கன்சல்டன்சியில சொல்லுவாங்க, நாமளும் தலையாட்டுவோம்.

எனக்கு ஊரு கீரிப்பாறை. நாகர்கோவில்ல இருந்து தடிக்காரன்கோணம் வழியா மலையடிவாரத்துக்கு வந்தா, அரசு ரப்பர் கழகத்துத் தோட்டம். எங்க லயத்துல பாதி வீட்டுத் தாத்தா பாட்டிகள் 1964-ல போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்தவங்க. எங்க குடும்பத்துல முதல்ல பாஸ்போர்ட் வச்சிருந்தது எங்க தாத்தாதான். அதுவும் இந்தியாவுக்கு வர்றதுக்கு! ரப்பர் மரமும் ஏறக்குறைய அதே ரூட்டுல வந்ததுதான். 1876-ல பிரேசில்ல இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு விதை போச்சு, அங்க முளைச்ச கன்றுகள் கப்பல்ல இலங்கைக்கு வந்துச்சு, அப்புறம்தான் நம்ம பக்கம் பரவுச்சு. கடல் தாண்டுறது எங்களுக்குப் புதுசு இல்லன்னு சொல்ல வர்றேன்.

எங்க லயத்துல ஒரு அக்கா. மெக்கானிக்கல் முடிச்சவங்க, காலேஜ் பேரு வேண்டாம். அவங்க அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. அக்கா பண்ணின ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஒரு சின்ன விவசாயியோட புகைப்புரையில. தெரியாதவங்களுக்காக: மரத்துல இருந்து எடுத்த பாலை ஆசிட் விட்டு உறைய வச்சு, ரோலர்ல விட்டு ஷீட்டா அடிச்சு, புகைப்புரைக்குள்ள மூங்கில் கழியில வரிசையா தொங்கவிட்டு, கீழ விறகு போட்டு நாலஞ்சு நாள் காய வைப்பாங்க. சூடு ஏறக்குறைய 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினா ஷீட்டுல குமிழ் விழும், விலை இறங்கிடும். சூடு பத்தலேன்னா பூசணம். அந்தப் புகைப்புரையில மேல் வரிசை ஷீட் சீக்கிரம் காயும், கதவோரம் தொங்குறது காயவே காயாது. அக்கா ஆறு இடத்துல சென்சார் வச்சு, மூணு வாரம் ராத்திரி பகலா அளந்தாங்க. மழை நாள்ல ஒரு மாதிரி, வெயில் நாள்ல ஒரு மாதிரி. புகைப்போக்கி இருக்கிற இடத்தை மாத்தினா என்ன ஆகும்னு கம்ப்யூட்டர்ல ஒரு மாடல் போட்டாங்க. மாடல் சொன்னது ஒண்ணு, நிஜத்துல வந்தது ஒண்ணு. ஏன்னு கடைசி வரைக்கும் முழுசா பிடிபடலை.

இதைவிட நல்ல எஸ்ஓபி என்ன வேணும்? அளந்திருக்காங்க, மாடல் போட்டிருக்காங்க, தப்பிப்போன இடம் எதுன்னு தெரிஞ்சிருக்கு, அதைப் படிக்கத்தான் வர்றேன்னு சொல்ல ஒரு காரணம் இருக்கு. கன்சல்டன்சி எழுதிக் கொடுத்த எஸ்ஓபி-யில இதுல ஒரு வரி கூட இல்ல. எலான் மஸ்க் இருந்தார். "டைனமிக்", "பேஷனேட்" எல்லாம் இருந்துச்சு. புகைப்புரை ப்ராஜெக்ட் "தெர்மல் அனாலிசிஸ் ஆஃப் எ ட்ரையர்"னு ரெஸ்யூமே ஓரத்துல அஞ்சு வார்த்தையா சுருங்கிப் போச்சு. அம்மா என்ன வேலைன்னு கேட்டதுக்கு "கவர்ன்மென்ட் எம்ப்ளாயி"ன்னு போட்டாங்களாம். பொய் இல்ல பாருங்க. அதுதான் இன்னும் வேதனை.

இந்த இடத்துல ஒரு பழைய அப்ளிகேஷனை ஞாபகப்படுத்தணும். 1913 ஜனவரி 16-ம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவு கிளார்க் ஒருத்தர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு ஒரு லெட்டர் போட்டார். ராமானுஜன்தான். இந்தக் கதையை ஸ்கூல்ல இருந்து கேட்டுக் கேட்டுச் சலிச்சிருப்பீங்க. மேதை, நாமகிரித் தாயார், கனவு, அது எல்லாத்தையும் கொஞ்ச நேரம் ஓரமா வச்சிட்டு, அந்த லெட்டரை ஒரு அப்ளிகேஷனா மட்டும் பாருங்க. ஆரம்பத்துலேயே தான் ஒரு கிளார்க், வருஷச் சம்பளம் 20 பவுண்டுன்னு சொல்லிடுறார். யுனிவர்சிட்டிப் படிப்பு இல்லன்னு ஒளிக்காம எழுதுறார். கும்பகோணத்துலயும் பச்சையப்பாவிலயும் எஃப்.ஏ. தேறாதவர், அதுக்கு மேல என்ன எழுத முடியும்? ஆனா அதுக்காக ரெண்டு பக்கம் அழவும் இல்ல. நேரா கணக்குக்குப் போயிடுறார். சுமார் 120 முடிவுகள், பக்கம் பக்கமா. அதுல சிலது ஏற்கெனவே மத்தவங்க கண்டுபிடிச்சது. பகா எண்கள் பத்தி அவர் சொன்னதுல தப்பும் இருந்துச்சு. இருந்தும் இதை எழுதினவர் சாதாரண ஆள் இல்லன்னு ஹார்டிக்குப் புரிஞ்சுது.

அதுக்கு முன்னாடி பேக்கர், ஹாப்சன்னு கேம்பிரிட்ஜ்ல வேற ரெண்டு பெரிய ஆளுங்களுக்கும் எழுதியிருக்கார். ரெண்டும் வேலைக்கு ஆகலை. அப்புறம் நமக்கு யாரும் சொல்லாத பகுதி ஒண்ணு இருக்கு: ரெக்கமண்டேஷன். நெல்லூர் கலெக்டரா இருந்த ராமச்சந்திர ராவ் அவரோட நோட்டுப் புஸ்தகத்தைப் பார்த்துட்டு மாசம் 25 ரூபா கொடுத்து உதவினார். போர்ட் டிரஸ்ட்ல நாராயண ஐயர் கூட உக்காந்து கணக்குப் போட்டவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பின்னால நின்னார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அந்த வேலையைப் பார்த்துட்டு மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு எழுதினார். மாசம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சுது. 1914 மார்ச் 17-ல கப்பல் ஏறினார். அவருக்காக எழுதின யாரும் "சின்சியர், பங்க்சுவல், ஒபீடியன்ட்"னு மட்டும் எழுதிட்டுப் போகலை. அவரோட வேலையை நேர்ல பார்த்தவங்க எழுதினது அது.

நாம யாரும் ராமானுஜன் இல்ல, சரி. ஆனா அந்த லெட்டரோட அமைப்பைக் கடன் வாங்க மேதையா இருக்க வேண்டியதில்ல. நான் இன்ன நிலைமையில இருக்கேன், இதைச் செஞ்சேன், இது மிச்சம் இருக்கு, உங்ககிட்ட வந்தா இதைத் தொடரலாம். அவ்வளவுதான்.

இப்போ திரும்பக் கீரிப்பாறைக்கு வருவோம். பால்வெட்டு ஏன் விடியறதுக்கு முன்னாடி நடக்குது? ராத்திரி முழுக்க மரம் தண்ணி ஏத்தி வச்சிருக்கும், பட்டைக்குள்ள அழுத்தம் கூடுதலா இருக்கும், வெயில் ஏறினா அது குறைஞ்சிடும், பால் சீக்கிரம் நின்னுடும். எங்க அம்மாவுக்கு இது தெரியும், "டர்கர் பிரஷர்"ங்கிற பேரு மட்டும்தான் தெரியாது. சில மரம் நல்லா பால் கொடுத்துட்டே இருந்து திடீர்னு வெட்டுற இடம் வறண்டு போகும். எல்லா நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக்காரங்களும் இதோட மல்லுக்கட்டிட்டு இருக்காங்க, இன்னும் முழுக் காரணம் பிடிபடலை. கோட்டயத்துல இருக்கிற இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஆர்ஆர்ஐஐ 105 ரகம் விளைச்சலுக்குப் பேர் போனது, இந்த வறட்சி அதையும் விடுறதில்ல. பால் கெட்டுப் போகாம இருக்க அம்மோனியா கலப்பாங்க. அந்த வாசனையில நிக்கிறவங்க கண்ணு எரியும். அதுக்கு மாத்து என்ன? ரப்பர் கையுறை போட்டா சிலருக்கு அலர்ஜி வருதே, அது பாலுக்குள்ள இருக்கிற புரதத்தால. அதை எப்படிச் சிக்கனமா நீக்குறது? மழை வந்தா வெட்டு இல்ல, வெட்டு இல்லேன்னா கூலியில இடிக்கும். மழையை ரெண்டு மணி நேரம் முன்னாடி மலையடிவாரத்துல துல்லியமா சொல்ல முடியுமா?

கெமிக்கல், மெக்கானிக்கல், பயோடெக், இசிஇ, சிஎஸ்இ, யாரா இருந்தாலும் இதுல ஆளுக்கொரு கேள்வி இருக்கு. இந்தக் கேள்விகளைக் கேட்கிற லேப்கள் நிஜமாவே இருக்கு. நெதர்லாந்துல ட்வென்டே யுனிவர்சிட்டியில எலாஸ்டோமருக்குன்னே ஒரு குரூப் இருக்கு. ஜெர்மனி ஹானோவர்ல ரப்பர் தொழில்நுட்பத்துக்குத் தனி ஆராய்ச்சி நிறுவனம். டயர் கம்பெனிகளால வளர்ந்த அமெரிக்க ஊர் ஆக்ரன், அங்க இருக்கிற யுனிவர்சிட்டி பாலிமருக்குப் பேர் வாங்கினது. நம்ம குரோம்பேட்டை எம்ஐடி-யிலயே ரப்பர் - பிளாஸ்டிக் துறை இருக்கு, அங்க ஒரு இன்டர்ன்ஷிப்புக்குக் கேட்டுப் பார்க்க பஸ் டிக்கெட் காசுதான் செலவு. பத்து யுனிவர்சிட்டியை ரேங்க் லிஸ்ட்ல இருந்து எடுக்கிறதுக்குப் பதிலா, நம்ம கேள்வியை வச்சு நாலு லேப் தேடினா அப்ளிகேஷன் தானா கூர்மையாகும். கடற்கரைப் பக்கம் உள்ளவங்களுக்கு வள்ளம், வலை, மணவாளக்குறிச்சி மணல். தோவாளைக்காரங்களுக்குப் பூ, பறிச்ச பூ எத்தனை மணி நேரம் தாங்கும்ங்கிறதும் இன்ஜினியரிங்தான். ஆரல்வாய்மொழிக் காத்தாடிக்குப் பக்கத்துல வளர்ந்துட்டு எனர்ஜி கோர்ஸுக்கு "குளோபல் வார்மிங் இஸ் எ பர்னிங் இஷ்யூ"ன்னு ஆரம்பிக்கிறவங்களை என்ன சொல்ல?

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. ஊரை எழுதுறதுன்னா வறுமையை விக்கிறதுன்னு சிலர் புரிஞ்சுக்கிறாங்க. "என் அம்மா படாத பாடு பட்டு..."ன்னு மூணு பாரா. ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல பொருளாதார நிலை கேட்டா அங்க நேரா எழுதுங்க. எஸ்ஓபி-யில அம்மா வர வேண்டியது, அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்துக்காக. இரக்கத்துக்காக வந்தா அம்மாவுக்கே பிடிக்காது.

சாட்ஜிபிடி பத்தி ஒரு வார்த்தை. கன்சல்டன்சி டெம்ப்ளேட்டோட இடத்தை இப்போ அது பிடிச்சிருக்கு. கிராமர் திருத்த வச்சுக்கோங்க. ஆனா உங்க புகைப்புரையில கதவோரம் ஷீட் காயலைங்கிறது அதுக்குத் தெரியாது.

அடுத்தது நம்ம காலேஜ்கள்ல பேசவே தயங்குற சமாச்சாரம், எல்ஓஆர். "நீயே எழுதி எடுத்துட்டு வாடே, நான் கையெழுத்து போடுறேன்." கேட்டிருப்பீங்க. ஆசிரியர்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ஒரு மேடத்துக்கு மூணு கிளாஸ், லேப், பேப்பர் திருத்துறது, நாக் ஃபைல் வேலை வேற. டிசம்பர்ல திடீர்னு 20 பேர் வந்து நின்னா என்ன செய்வாங்க? ஆனா ஒரே பையன் எழுதின எஸ்ஓபி-யும் மூணு எல்ஓஆரும் ஒரே நடையில இருந்தா படிக்கிறவங்களுக்குத் தெரியாம போகாது. நம்ம பக்கம் செய்ய முடிஞ்சது ஒண்ணு இருக்கு. மூணாவது வருஷத்துலேயே ஒரு ஆசிரியரைப் பிடிச்சு, ஒரு ப்ராஜெக்ட்ல ஒரு வருஷம் நிக்கிறது. மாசம் ஒரு தடவை செஞ்சதை ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறது. பன்னிரண்டு பக்கம் கையில இருந்தா எந்த மேடமும் சொந்தமா நாலு வரி எழுதிடுவாங்க. இதை ஒரு வழக்கமா டிபார்ட்மென்ட்டே கொண்டு வந்தா இன்னும் நல்லது.

மார்க் பத்தி அதிகம் சொல்லப் போறதில்ல. ஜெர்மனிக்கு நம்ம சிஜிபிஏ-வை அவங்க அளவுக்கு மாத்த ஒரு ஃபார்முலா இருக்கு: அதிகபட்சத்துல இருந்து நம்ம மார்க்கைக் கழிச்சு, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்து, மூணால பெருக்கி, ஒண்ணைக் கூட்டணும். பாஸ் 5-ன்னு எடுத்தா, 8 வாங்கினவருக்கு 2.2, 7.5 வாங்கினவருக்கு 2.5. பல கோர்ஸ்கள் 2.5-ல கோடு போடும். அங்க எண் குறைஞ்சா நல்லது, குழம்பிடாதீங்க. 7.5-க்குக் கீழ இருக்கிறவங்க எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்க வேண்டாம், கோடு போடாத கோர்ஸும் இருக்கு.

பணம். இங்கதான் அந்த அக்கா நின்னு போனாங்க. கன்சல்டன்சி கொடுத்த லிஸ்ட்ல இருந்ததெல்லாம் இங்கிலாந்துல ஒரு வருஷ மாஸ்டர்ஸ். ஏன் அதுவேன்னு அப்போ யாரும் கேட்கலை. பல வெளிநாட்டு யுனிவர்சிட்டிகள் ஆள் சேர்த்துவிடுற ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கும். ஜெர்மன் அரசு யுனிவர்சிட்டிகள்ல அந்த வழக்கம் கிடையாது. "ஃப்ரீ கவுன்சலிங்"னு போர்டு பார்க்கும்போது இதை மனசுல வச்சுக்கோங்க. அட்மிஷன் கிடைச்சுது, பேங்க்குக்குப் போனாங்க. கல்விக்கடன் மாதிரித் திட்டத்துல 4 லட்சம் வரைக்கும் பிணை தேவையில்ல, 7.5 லட்சம் வரைக்கும் மூணாவது ஆள் ஜாமீன், அதுக்கு மேல சொத்து அடமானம். லயத்து வீடு கழகத்தோடது. ஐம்பது வருஷம் குடியிருந்தாலும் பட்டா கிடையாது. அடமானம் வைக்க அவங்க குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம் இல்ல. சில வங்கிகள் தாங்க பட்டியல் போட்ட யுனிவர்சிட்டிகளுக்கு அடமானம் இல்லாமலும் கொடுக்கும். அந்தப் பட்டியல்ல அக்காவுக்குக் கிடைச்ச இடம் இல்ல. 2024-ல வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் அடமானம் கேட்காது, ஆனா அது இந்தியாவுக்குள்ள படிக்கிறதுக்கு மட்டும். கட்டின டெபாசிட்டுல பாதிதான் திரும்பி வந்துச்சு.

அதனால நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் தேடுறதுதான் அப்ளிகேஷனோட முதல் வேலை, கடைசி வேலை இல்ல. எராஸ்மஸ் முண்டஸ் கிடைச்சா ஃபீஸும் இல்ல, மாசம் 1,400 யூரோ கையில வரும். பெரும்பாலும் அக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ள முடிஞ்சிடும், அப்ளை பண்ண ஃபீஸ் கிடையாது. மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் வருஷத்துக்கு 125 பேருக்கு, பெரும்பாலும் எஸ்சி மாணவர்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கணும். தமிழ்நாடு அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு இருக்கு. ஜப்பான் அரசோட மெக்ஸ்ட், தூதரகம் வழியா, கோடையில. அமெரிக்காவுல எம்எஸ் பெரும்பாலும் சொந்தக் காசு. ஆனா நல்ல ஆராய்ச்சி வேலை காட்டினா பிஇ முடிச்சதும் நேரா பிஹெச்டி-க்குப் போகலாம், அங்க ஃபீஸைத் தள்ளி மாசச் சம்பளமும் கொடுப்பாங்க. அப்ளிகேஷன் ஃபீஸைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி மெயில் போடலாம், கேட்கிறதுல வெட்கம் இல்ல. 2020-க்கு அப்புறம் நிறைய துறைகள் ஜிஆர்இ கேட்கிறதையும் விட்டுட்டாங்க. அந்த இருபதாயிரத்துச் சொச்சத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி துறையோட பக்கத்தைப் பாருங்க.

"ஜெர்மனியில ஃப்ரீ"ன்னு சொல்றதையும் முழுசா நம்பாதீங்க. பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டியில ட்யூஷன் இல்ல, உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் 2024-ல இருந்து நம்மள மாதிரி வெளிநாட்டு மாணவர்கள்கிட்ட வாங்க ஆரம்பிச்சிடுச்சு. ஏபிஎஸ் சர்டிஃபிகேட்டுக்கு 18,000 ரூபா. விசாவுக்கு முன்னாடி பிளாக்டு அக்கவுன்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டணும், அதாவது பத்து லட்சத்துக்கு மேல. செலவுக்குன்னு மாசாமாசம் நமக்கேதான் திரும்பி வரும், ஆனா முதல்ல அது இருக்கணுமே!

அந்த அக்கா இப்போ ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறாங்க. போன மாசம் ஊருக்கு வந்தப்போ லேப்டாப்பைத் திறந்து புது எஸ்ஓபி-யைக் காட்டினாங்க. இந்தத் தடவை எராஸ்மஸுக்கு. முதல் பாராவுலேயே புகைப்புரை இருக்கு, கதவோரம் காயாத ஷீட் இருக்கு, மாடல் எங்க தப்பிச்சுன்னு இருக்கு. அம்மா வேலைன்னு கேட்ட இடத்துல "ரப்பர் டேப்பர்". ரெண்டாவது பாராவுல ஒரு இடத்துல பொருள் சரியா வரலைன்னு நான் சொன்னேன். "எதுலே?"ன்னு கேட்டு, அங்கேயே திண்ணையில உக்காந்து மாத்த ஆரம்பிச்சாங்க. முடிவு வர மார்ச் ஆகுமாம்.